கீழே விழுந்த ரைபிள் ஸ்கோப்: எதை நாமே சரிசெய்யலாம், எதில் கைவைக்கக் கூடாது

மேசையில் சாய்த்து வைத்த ரைபிள் சரிந்து விழுகிறது. மேலே துருத்திக்கொண்டு நிற்பது ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) என்பதால் முதல் அடி பெரும்பாலும் அதற்குத்தான். எடுத்துப் பார்த்தால் கண்ணாடி உடையவில்லை, குறுக்குக்கோடும் நேராகத்தான் தெரிகிறது. ஆனால் அடுத்த முறை சுடும்போது குண்டு பத்து சென்டிமீட்டர் தள்ளிப் போய்த் துளைக்கிறது. உடனே டரட்டை, அதாவது குறியைக் கிளிக் கிளிக்காக நகர்த்தும் குமிழை, திருகி ஈடுகட்டக் கை பரபரக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எது நகர்ந்தது என்று தெரியாமல் கிளிக் வைத்தால், தளர்ந்த திருகு அடுத்த சில குண்டுகளுக்குள் மறுபடி நகரும். ஒரு பெட்டித் தோட்டா தீர்ந்துபோகும், சீரோ (குறிவைத்த இடத்திலேயே குண்டு படும் நிலை) மட்டும் கிடைக்காது.

விழுந்த ஸ்கோப்பில் வரும் கோளாறுகளில் நம் கையால் தீர்க்கக்கூடியவை எல்லாம் ஸ்கோப்புக்கு வெளியே இருக்கின்றன: பேஸ் (ரைபிளின் மேல் பதியும் அடித்தட்டு), ரிங் (ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையம்), திருகு, ஸ்டாக் (ரைபிளின் கட்டை). குழாயின் உள்ளே இருப்பவை தொழிற்சாலையில் நைட்ரஜனோ ஆர்கனோ நிரப்பி மூடப்பட்டவை. ஆகவே வெளியிலிருந்து உள்ளே என்ற வரிசையில் ஒவ்வொன்றாகச் சோதித்துக் கழித்துக்கொண்டே போக வேண்டும். கீழே உள்ள கணக்குகள் பரவலாகப் புழங்கும் 3-9×40 ஸ்கோப்பை (உருப்பெருக்கம் 3 முதல் 9 மடங்கு, முன்லென்ஸ் 40 மி.மீ) வைத்துச் சொன்னவை. ஒரு அங்குலக் குழாய், ஒரு கிளிக்குக்குக் கால் எம்.ஓ.ஏ (இது ஒரு கோண அளவு, ஒரு எம்.ஓ.ஏ என்பது 100 மீட்டரில் சுமார் 2.9 செ.மீ). 30 மி.மீ குழாயாக இருந்தாலும் முறை மாறாது.

முதலில் ரைபிளைப் பாருங்கள்

மேகசினைக் கழற்றி, போல்ட்டை (பேரலின் பின்பக்கத்தை மூடும் உலோகத் தண்டை) திறந்து, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலியா என்று கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். பிறகு போல்ட்டை உருவிவிட்டுப் பின்பக்கத்திலிருந்து பேரல் வழியே வெளிச்சத்தைப் பாருங்கள். விழும்போது முனை மண்ணில் குத்தியிருந்தால் உள்ளே மண் அடைத்திருக்கலாம். அந்த அடைப்போடு சுட்டால் பேரல் பிதுங்கும், வெடிக்கவும் கூடும். ஸ்கோப்பைப் பற்றிய யோசனையெல்லாம் இதற்குப் பிறகுதான்.

பேரல் முனையின் விளிம்பையும் கைவிளக்கு அடித்துப் பாருங்கள். குண்டு கடைசியாக விட்டுப் பிரிவது அந்த விளிம்பைத்தான். அங்கே நகக்கண் அளவு நசுங்கல் இருந்தாலும் குரூப் (குண்டுகள் ஒன்றாக விழும் கூட்டம்) சிதறும், பழி ஸ்கோப்பின் மேல் விழும். அடுத்தது ரிசீவரை (போல்ட் ஓடும் உலோக உடலை) ஸ்டாக்கோடு பிடித்திருக்கும் அடித்திருகுகள். கையில் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ரெஞ்ச்) இருந்தால் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். மர ஸ்டாக்குக்குச் சுமார் 4.5 நியூட்டன் மீட்டரும், அலுமினியத் தாங்கி உள்ள ஸ்டாக்குக்குச் சுமார் 7 நியூட்டன் மீட்டரும் பொதுவான அளவுகள். மரம் காய்ந்து சுருங்கியிருந்தால் இந்தத் திருகு ஏற்கெனவே தளர்ந்திருக்கும், விழுந்த அடி அதை வெளிக்காட்டியிருக்கும், அவ்வளவுதான்.

ரிங் ஓரத்தில் இருக்கும் தடயம்

எதையும் கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு ரிங்கின் இரு ஓரத்திலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, குழாய் இருந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நல்ல வெளிச்சத்தில் ரிங் ஓரத்தை உற்றுப் பாருங்கள். ஸ்கோப் ரிங்குக்குள் வழுக்கியிருந்தால் கறுப்புப் பூச்சு தேய்ந்து, பிறை வடிவில் ஒன்றிரண்டு மி.மீ அகலத்துக்கு வெள்ளி நிறக் கீற்று தெரியும். அந்தக் கீற்றைக் கண்டால் பாதி வேலை முடிந்தது. நகர்ந்தது ஸ்கோப்பின் உள்ளுறுப்பு அல்ல, ஸ்கோப்பே நகர்ந்திருக்கிறது.

கீற்று இல்லையென்றால் ஸ்கோப்பை ஒரு கையால் பிடித்து, மறு கையின் விரல் நுனியை பேஸும் ரிசீவரும் சேரும் இடுக்கில் வைத்து மெல்ல அசையுங்கள். முடியளவு அசைவையும் விரல் உணர்ந்துவிடும். பேஸ் திருகுகள் ரிங்குக்கு அடியில் மறைந்திருப்பதால் இவற்றைச் சோதிக்க மறந்துவிடுபவர்கள் அதிகம்.

ஸ்கோப்பைக் கழற்றியதும் எஃகு அளவுகோலின் விளிம்பைக் குழாயின் மேல் நீளவாக்கில் வைத்து, எதிரே வெளிச்சம் வரும்படி பிடியுங்கள். டரட் மேட்டுக்கு முன்னும் பின்னும் தனித்தனியாகப் பாருங்கள். இடையில் வெளிச்சம் கசிந்தால் அங்கே பள்ளமோ வளைவோ இருக்கிறது. இரண்டு மரத்துண்டுகளில் 'வி' வெட்டு வெட்டி, அதில் குழாயைக் கிடத்தி உருட்டிப் பார்ப்பது இன்னும் நம்பகமான வழி. முன்பக்கத்து அகன்ற பகுதிக்கு அருகே ஒரு ஊசியை நிறுத்திவைத்து உருட்டினால், ஊசிக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளி ஒரே மாதிரி இருக்க வேண்டும். கூடிக் குறைந்தால் குழாய் வளைந்திருக்கிறது. வளைந்த அலுமினியக் குழாயை முழங்காலில் வைத்து நிமிர்த்தவோ, வைஸில் பிடித்து அழுத்தவோ வேண்டாம். வெளியே நேராகும், உள்ளே லென்ஸ் இருக்கைகள் கோணிக்கொள்ளும்.

டரட்டுக்குள் என்ன நடக்கிறது

பெரிய குழாய்க்குள் இன்னொரு சிறிய குழாய் இருக்கிறது. பிம்பத்தை நிமிர்த்தும் லென்ஸ்கள் அதில்தான் உள்ளன. அதன் பின்முனை கீல் போல் நிலைத்திருக்கும், முன்முனை அசையும். மேல் டரட்டின் திருகு அதை மேலிருந்து அழுத்துகிறது, பக்க டரட்டின் திருகு பக்கத்திலிருந்து அழுத்துகிறது. இரண்டுக்கும் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு வில் (ஸ்பிரிங்) அதைத் திருகுகளோடு ஒட்டித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. விழுந்த அடியில் கெடுவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று: திருகின் தண்டு வளைவது, அதன் மரை நசுங்குவது, வில் பிசகுவது.

இதைத் திறக்காமலே சோதிக்கலாம். மேல் டரட்டை ஒரு கோடியில் தடை தட்டும்வரை மெதுவாகத் திருப்பி, அங்கிருந்து மறுகோடி வரை கிளிக்குகளை எண்ணுங்கள். மொத்தம் 240 வந்தால் அது 60 எம்.ஓ.ஏ. கையேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். எண்ணும்போது பக்க டரட் நடுவில் இருக்கட்டும். உருண்டையான குழாய்க்குள் நகர்வதால், ஒன்று கோடியில் இருந்தால் மற்றதன் வீச்சு தானாகவே சுருங்கிவிடும், அதைப் பழுது என்று எண்ணிவிடக் கூடாது. சொன்னதைவிட வெகுவாகக் குறைந்தாலோ, ஓரிடத்தில் கிளிக் மழுங்கலாகி, அடுத்த இடத்தில் இறுகினாலோ தண்டு வளைந்திருக்கிறது. தடை தட்டிய பிறகு ஒரு கிளிக் கூட வலிந்து திருப்ப வேண்டாம், நல்ல மரையும் அதில் போய்விடும்.

பாதிக் கணக்கில், அதாவது 120-இல், இரண்டு டரட்டையும் நிறுத்துங்கள். இப்போது 'வி' வெட்டில் கிடத்திய ஸ்கோப் வழியே தூரத்தில் உள்ள ஒரு புள்ளியைப் பார்த்தபடி உருட்டுங்கள். குறுக்குக்கோட்டின் மையம் அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு சிறு வட்டம் போடும். கிளிக்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி வட்டத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் மையம் அசையாமல் நிற்கும். அதுதான் ஒளியியல் மையம். பாதிக் கணக்குக்கும் இதற்கும் பத்திருபது கிளிக் வித்தியாசம் புது ஸ்கோப்பிலும் இருக்கும். கோடியை எட்டும் அளவுக்குத் தள்ளிப்போயிருந்தால் உள்ளே ஏதோ இடம் மாறிவிட்டது, தயாரிப்பாளரிடம் அனுப்ப வேண்டியதுதான்.

டரட்டில் நாமே செய்யக்கூடிய வேலைகளும் உண்டு. மூடியின் உள்ளே இருக்கும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) கிழிந்திருந்தால் அதே விட்டமும் அதே தடிமனும் உள்ள புதியதை, மிக மெல்லிய சிலிக்கோன் கிரீஸ் தடவி மாட்டலாம். எண் வளையம் மட்டும் சுற்றி, கிளிக் வராமல் இருந்தால் வளையத்தைப் பிடித்திருக்கும் சிறு பக்கத்திருகுகள் தளர்ந்திருக்கும், சரியான அளவு அலன் கீயால் இறுக்கினால் போதும். குறுக்குக்கோடு ஒளிரும் வகை ஸ்கோப்பில் அந்த ஒளி எரியவில்லையென்றால் சிஆர்2032 பேட்டரியை எடுத்து, அடியில் உள்ள தொடுதகடு நசுங்கியிருக்கிறதா என்று பார்த்து, மரக்குச்சியால் மெல்ல நிமிர்த்துங்கள். இதற்கு மேல் உள்ளே போக வேண்டாம்.

கண்ணாடி, பிறகு ஈரம்

ஸ்கோப்பைக் காதருகே வைத்து, தலைகீழாக மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். கலகலவென்று ஓசை கேட்டால் லென்ஸ் ஒன்றோ, அதைப் பிடித்திருக்கும் வளையமோ கழன்றிருக்கிறது. குறுக்குக்கோட்டுக்குப் பக்கத்தில் திடீரென்று கறுப்புத் துகள்கள் தெரிந்தால் அவை உள்பூச்சு உதிர்ந்தவை. சில துகள்கள் குறியைக் கெடுக்காது. ஆனால் அடி உள்ளே வரை போயிருக்கிறது என்பதற்கு அவை சாட்சி.

வெளிக் கண்ணாடியைத் துடைக்கும்போது முதலில் ரப்பர் ஊதியால் தூசியை ஊதுங்கள், பிறகு மென்தூரிகை, கடைசியில் லென்ஸ் திரவம் நனைத்த லென்ஸ் தாள். நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுழற்றித் துடையுங்கள். மண் ஒட்டிய கண்ணாடியைச் சட்டை நுனியால் தேய்த்தால், விழுந்ததில் தப்பிய பூச்சு துடைத்ததில் போய்விடும். ஓரத்தில் சின்னச் சில்லு பெயர்ந்திருந்தால் அது பிம்பத்தைப் பெரிதாகப் பாதிக்காது. நடுவரை ஓடும் விரிசல் அப்படியல்ல, அதற்கு லென்ஸ் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

முத்திரை (வாயு கசியாமல் காக்கும் அடைப்பு) உடைந்ததா என்பதை அறிய, ஸ்கோப்பைக் குளிர்சாதனப் பெட்டியில், ஃப்ரீசரில் அல்ல, இருபது நிமிடம் வைத்து வெளியே எடுங்கள். வெளிக் கண்ணாடியில் பனி படியும், அதைத் துடையுங்கள். துடைத்த பிறகும் உள்ளே புகைபோல் படலம் நின்றால் ஈரக்காற்று நுழைந்துவிட்டது. எந்த இடத்தில் கசிகிறது என்று தெரிய வேண்டுமானால் நீர்ச்சோதனை. நீர்புகாதது என்று குறிப்பிட்ட ஸ்கோப்புக்கு மட்டும் இது. அறை வெப்பத்துக்கு வந்த ஸ்கோப்பை மூடிகள் மாட்டி, 45 டிகிரி வெந்நீரில் ஒரு நிமிடம் முழுக்குங்கள். 25 டிகிரியில் இருந்த வாயு 45-க்கு ஏறும்போது அழுத்தம் சுமார் ஏழு சதவீதம் கூடி, ஓட்டை வழியே குமிழாக வெளியேறும். முதலில் மேற்பரப்பில் ஒட்டிய குமிழ்கள் வரும், அவை கணக்கில் இல்லை. ஒரே இடத்திலிருந்து சரம் சரமாக வந்தால் அங்கேதான் கசிவு. நீர் ஆறுவதற்குள் ஸ்கோப்பை எடுத்துவிட வேண்டும். குளிரத் தொடங்கினால் வாயு சுருங்கி, அதே ஓட்டை நீரை உள்ளே இழுக்கும்.

உட்பனியைத் தற்காலிகமாகப் போக்க, டரட் மூடிகளைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாப் பெட்டியில் நாலைந்து நாள் வைக்கலாம். இது முத்திரையைச் சரிசெய்யாது, அனுப்பும்வரை பூஞ்சை பிடிக்காமல் காக்கும். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் இந்த நாலைந்து நாள் முக்கியம். லென்ஸில் பூஞ்சை வேர்விட்டால் பூச்சையே அரித்துவிடும்.

திரும்பப் பொருத்துவது

ஸ்கோப் தப்பித்தது என்றால் இனிதான் உண்மையான வேலை. பழைய திருகுகளை அப்படியே இறுக்கிவிட்டுப் போவது போதாது. எல்லாவற்றையும் கழற்றி, திருகு, துளை, ரிங்கின் உட்புறம், குழாய் ஆகியவற்றை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய் போகத் துடையுங்கள். அடி வாங்கிய திருகின் தலை உருண்டிருந்தால் அதைத் தூக்கிப்போட்டுப் புதியது வாங்குங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பேஸ் திருகுகளில் ஒரு சொட்டு நீல லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) இட்டு, சுமார் 2.3 நியூட்டன் மீட்டருக்கு, அதாவது 20 இன்ச் பவுண்டுக்கு இறுக்குங்கள். இறுக்கியதும் போல்ட்டை மாட்டி முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். திருகு நீளமாக இருந்தால் அதன் நுனி உள்ளே நீட்டி, போல்ட் உரசும். இந்த உரசலை விட்டுவிட்டுச் சுடக் கூடாது.

ரிங்கை ரெயில் பள்ளத்தில் (பேஸின் மேலுள்ள குறுக்குப் பள்ளத்தில்) வைத்ததும், இறுக்குவதற்கு முன் முன்பக்கமாக, பேரல் இருக்கும் பக்கம், தள்ளிப் பிடியுங்கள். சுடும்போது ரைபிள் பின்னால் உதைக்கும், எடை உள்ள ஸ்கோப் தன் இடத்திலேயே நிற்கப் பார்க்கும். இடைவெளி முன்பக்கத்தில் இருந்தால் ஒவ்வொரு குண்டுக்கும் அது முன்னால் நகரும்.

ஸ்கோப்பை ரிங்குகளின் கீழ்ப்பாதியில் வைத்து, உருப்பெருக்கத்தை 9-இல் நிறுத்தி, கண்ணை மூடி ரைபிளைத் தோளில் வைத்துக் கண்ணைத் திறங்கள். கறுப்பு ஓரம் இல்லாமல் முழு வட்டம் தெரிய வேண்டும். இந்த வகை ஸ்கோப்பில் கண்ணுக்கும் கண்ணாடிக்கும் எட்டொன்பது சென்டிமீட்டர் இருக்கும். அடுத்து, இருபது மீட்டர் தள்ளி வெள்ளை நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். ரைபிளை ரசமட்டம் வைத்து நேராக்கி, செங்குத்துக் கோடு நூலின் மேல் படியும்வரை ஸ்கோப்பைச் சுழற்றுங்கள். இப்போது மேல் டரட்டைத் திருப்பினால் குறுக்கு மையம் நூலின் மேலேயே ஏறி இறங்க வேண்டும். கோடு நூலோடு சரியாகப் படிந்திருந்தும் மையம் மட்டும் விலகிப் போனால், உள்ளே கோட்டுத் தகடு சுழன்றிருக்கிறது. அது வீட்டில் தீராது.

மேல் ரிங் திருகுகளை எக்ஸ் வடிவில் மாற்றி மாற்றி, ஒவ்வொரு முறையும் கால் சுற்று மட்டும் இறுக்குங்கள். இரு பக்க இடைவெளியும் சமமாக வர வேண்டும். மடித்த காகிதத்தைச் செருகிப் பார்த்தால் தெரிந்துவிடும். முடிவளவு 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர், அதாவது 15 முதல் 18 இன்ச் பவுண்ட். ரிங் திருகில் லாக்டைட் வேண்டாம். ஈரப் பசை மரையை வழுக்கவைப்பதால், அதே எண்ணில் ரிங் அதிகமாக நசுக்கும். இறுக்கம் மிஞ்சியதற்கு அடையாளம், உருப்பெருக்க வளையம் முன்பைவிடக் கனமாகச் சுற்றுவது. உடனே தளர்த்துங்கள்.

எல்லாம் முடிந்ததும், ஒவ்வொரு திருகுத் தலையிலிருந்து ரிங் வரை நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு இழுத்துவிடுங்கள். திருகு முடியளவு சுற்றினாலும் கோடு முறியும். அடுத்த முறை விழுந்தால், ரெஞ்சைத் தேடும் முன்பே பதில் கிடைத்துவிடும்.

சுடாமல் சோதிப்பது, சுட்டுச் சோதிப்பது

தோட்டா செலவில்லாத சோதனையை முதலில் செய்யுங்கள். 50 மீட்டரில் ஒரு அட்டையில் 14.5 செ.மீ பக்கமுள்ள சதுரம் வரையுங்கள். கால் எம்.ஓ.ஏ ஸ்கோப்பில் 40 கிளிக் அந்தத் தூரத்தில் நகர வேண்டிய அளவு அது. ரைபிளை அசையாமல் மணல்மூட்டையில் கிடத்தி, மையத்தை வலப்பக்க மேல் மூலையில் வையுங்கள். 40 மேல், 40 வலம், 40 கீழ், 40 இடம். டரட்டை 'மேல்' திருப்பினால் அட்டையில் குறுக்குக்கோடு கீழே இறங்குவதைக் காண்பீர்கள், அதுதான் சரி. நாலு மூலையையும் தொட்டு, கடைசியில் புறப்பட்ட மூலைக்கே மையம் திரும்ப வேண்டும். திரும்பவில்லையென்றால் டரட்டை ஸ்க்ரூடிரைவரின் ரப்பர் பிடியால் மெல்லத் தட்டுங்கள். தட்டியதும் கோடு துள்ளி இடத்துக்கு வந்தால் வில் சோர்ந்துவிட்டது, உள்குழாய் திருகைத் தொடர்ந்து வரவில்லை. இந்த ஸ்கோப்பை எத்தனை முறை சீரோ செய்தாலும் நிற்காது.

அப்படியே 100 மீட்டரில் உள்ள ஒரு குறியைப் பார்த்தபடி தலையை லேசாக இடமும் வலமும் அசைத்தும் பாருங்கள். முன்பு அந்தத் தூரத்தில் அசையாதிருந்த கோடு இப்போது குறியின் மேல் நீந்தினால் முன்லென்ஸின் இருக்கை தளர்ந்திருக்கிறது.

இவற்றில் தேறிய ஸ்கோப்பையே மைதானத்துக்குக் கொண்டுபோக வேண்டும். போல்ட்டை உருவி, பேரல் வழியே 25 மீட்டர் குறியை நடுவில் கொண்டுவந்து, ரைபிளை அசைக்காமல் குறுக்குக்கோட்டை அதே குறிக்கு நகர்த்துங்கள். பிறகு மூன்று குண்டு. 25 மீட்டரில் ஒரு கிளிக் 1.8 மி.மீ, 100 மீட்டரில் 7.3 மி.மீ. உதாரணமாக, 100 மீட்டரில் குரூப்பின் நடு 11 செ.மீ வலமும் 4 செ.மீ கீழும் இருந்தால் இடப்பக்கம் 15 கிளிக், மேலே 5 அல்லது 6. ஒற்றைக் குண்டைப் பார்த்து எப்போதும் கிளிக் வைக்காதீர்கள், மூன்றின் நடுவைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். சீரோ ஆனதும் பேரலை ஆறவிட்டு இன்னும் பத்துக் குண்டு சுடுங்கள். குரூப் ஒரே திசையில் மெல்ல நகர்ந்தால் மவுன்ட் (பேஸும் ரிங்கும் சேர்ந்தது), இரண்டு இடங்களுக்கிடையே தாவினால் உள்குழாய், சுற்றிலும் சிதறினால் பேரல் முனையோ ஸ்டாக்கோ என்று முதலில் சந்தேகப்படலாம். சந்தேகம் தீர ஒரே வழி, நன்றாக இருக்கும் வேறொரு ஸ்கோப்பை மாட்டிச் சுடுவது. குரூப் சரியானால் குற்றவாளி உங்கள் ஸ்கோப்.

ஸ்பிரிங் காற்றுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதில் உதை இரண்டு பக்கமும் வரும். பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே போகும், பிஸ்டன் மோதி நிற்கும்போது முன்னே இழுக்கும். அதனால் ஸ்கோப் பின்பக்கமாகவும் நழுவும். மவுன்ட்டில் உள்ள நிறுத்து ஊசி ரிசீவரின் துளைக்குள் உட்கார்ந்திருப்பது கட்டாயம். காற்றுத் துப்பாக்கிக்கு என்று குறிப்பிடாத ஸ்கோப் இந்த இரட்டை அதிர்வில் விழாமலே கெடும். ஏற்கெனவே ஒருமுறை விழுந்ததை அதில் மாட்டவே வேண்டாம்.

அனுப்ப வேண்டியிருந்தால்

திறந்துபார்த்த ஸ்கோப்புக்கு உத்தரவாதம் போய்விடும் என்பதால், முதலில் உத்தரவாத அட்டையைப் படியுங்கள். வோர்டெக்ஸ் போன்ற சில நிறுவனங்களின் வாழ்நாள் உத்தரவாதம் தற்செயலாக விழுந்து உடைந்ததையும் ஏற்கிறது. ரிங்குகளைக் கழற்றிவிட்டு அனுப்புங்கள், அவை திரும்பி வராமல் போக வாய்ப்புண்டு. பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். பல நாடுகளில் ரைபிள் ஸ்கோப் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதால், எல்லை தாண்டி அனுப்பும் முன் நிறுவனத்திடம் வழிமுறை கேளுங்கள். கூடவே ஒரு தாளில் விழுந்த உயரம், எந்தப் பக்கம் அடிபட்டது, மொத்தக் கிளிக் எண்ணிக்கை, சதுரச் சோதனையில் எந்த மூலை தவறியது, எத்தனை மி.மீ என்று எழுதி வையுங்கள். 'சீரோ நிற்கவில்லை' என்று மட்டும் எழுதி அனுப்பினால் மேசையில் வைத்துப் பார்த்துவிட்டு, கோளாறு இல்லை என்று திருப்பி அனுப்பிவிடக்கூடும். '40 கிளிக் கீழே வந்தபோது 12 மி.மீ குறைந்தது, தட்டியதும் துள்ளியது' என்று எழுதினால் நேராக உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கைத் திறந்து பார்ப்பார்கள்.